காலிக் கல்லறைக்குப் பூ: ‘ஃப்ரான்ட்ஸ்’ படத்துப் பொய்களின் முழுக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். பார்த்தவர்கள் உட்காருங்கள், நிறையப் பேச இருக்கிறது.

‘ஃப்ரான்ட்ஸ்’ 2016-இல் வந்தது. இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஃப்ரான்ஸ்வா ஓஸோன். படத்தில் பாதி ஜெர்மன், பாதி பிரெஞ்சு. கதை நடப்பது 1919-இல், முதல் உலகப் போர் முடிந்து சில மாதங்களே ஆன நேரம். நான் இதை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை காதல் படமாகப் பார்த்தேன், இரண்டாம் தடவை போரை எதிர்க்கும் படமாக. மூன்றாம் தடவை ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு பொய்யையும் குறித்துக்கொண்டே பார்த்தேன்: யார் சொன்னார், யாரிடம், எதற்காக, அதன் செலவு யார் தலையில் விழுந்தது. அந்த நோட்டின் விரிவுதான் இது.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜெர்மன்காரர்கள் இந்தப் பெயரைச் சாதாரணமாக ‘ட்’ இல்லாமல்தான் எழுதுவார்கள். அந்த ‘ட்’டை எடுத்துவிட்டுத் தமிழில் எழுதிப் பாருங்கள், ஃப்ரான்ஸ் என்று வந்து நிற்கும். பிரான்ஸ் மண்ணில் செத்த ஜெர்மன் பையனின் பெயர், கொன்றவனுடைய நாட்டின் பெயராகவே காதில் விழுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ‘ட்’டை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்கிறேன்.

சம்பவம்

இடம், ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப் பக்கத்தில் இருக்கும் க்வெட்லின்பர்க் என்ற சின்ன ஊர். கல் பாவிய தெருக்கள், மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய வீடுகள். அன்னா என்ற இளம்பெண் தினமும் பூ வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள். அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்த ஃப்ரான்ட்ஸ் ஹோஃப்மைஸ்டர் போரில் இறந்துவிட்டான். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு இல்லை. ஃப்ரான்ட்ஸின் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறாள். கல்யாணமாகாத வீட்டில் மருமகளாகவும் மகளாகவும் இருக்கிற ஒரு விசித்திரமான நிலை, அதற்கு உறவுமுறைப் பெயர்கூட இல்லை.

ஒரு நாள் போனால் கல்லறை மேல் ஏற்கெனவே பூ இருக்கிறது. வைத்தது அட்ரியன் என்ற பிரெஞ்சுக்காரன்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் படத்தின் முதல் பொய் ஆள் எவரும் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்ணெதிரே நிற்கிறது. அந்தக் கல்லறை காலி. ஃப்ரான்ட்ஸின் உடல் பிரான்ஸில் எங்கேயோ மண்ணுக்குள் கிடக்கிறது. இது கதைக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. அந்தப் போரில் ஜெர்மனி ஏறக்குறைய 20 லட்சம் வீரர்களை இழந்தது, பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேல். இவர்களில் ஏராளமானவர்களின் உடல் வீடு வந்து சேரவில்லை. தோற்ற ஜெர்மனியை விடுங்கள், ஜெயித்த பிரான்ஸிலேயே சொந்தப் பையன்களின் உடலை ஊருக்கு எடுத்துப்போகக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. கேட்டவர்களுக்கு அரசுச் செலவில் அனுப்பிவைக்கலாம் என்ற சட்டம் 1920 ஜூலையில்தான் வந்தது. அதனால் 1919-இல் ஐரோப்பா முழுக்க இப்படிக் காலி மண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். உடலைப் பார்க்காமல், காரியம் செய்யாமல், ஒரு கடிதத்தை நம்பி மகன் போய்விட்டான் என்று ஏற்றுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குழி காலி என்று தெரிந்தும் அன்னா அதோடு பேசுவாள், தண்ணீர் ஊற்றுவாள். பொய்க்கு மனதில் இடம் தயாராக இருக்கிறது, வந்து உட்கார ஆள்தான் இல்லை. அந்த ஆள்தான் அட்ரியன்.

முதல் பொய் யாருடையது?

டாக்டர் ஹோஃப்மைஸ்டரின் மருத்துவமனை அறைக்கு அட்ரியன் வருகிறான், நோயாளி போல. பிரெஞ்சுக்காரன் என்று தெரிந்ததும் டாக்டர் துரத்திவிடுகிறார். பிரெஞ்சுக்காரன் ஒவ்வொருவனும் அவருக்குத் தன் மகனைக் கொன்றவன்தான். பொதுவாக அவர் சொன்ன அந்த வார்த்தை, எதிரே நிற்பவனைப் பொறுத்தவரை எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது நமக்கு அப்போது தெரியாது. அவன் உண்மையைச் சொல்லத்தான் வந்தான், சொல்ல முடியாமல் போனான்.

அப்புறம் அன்னாவும் ஃப்ரான்ட்ஸின் அம்மா மாக்டாவும் அவனை வீட்டுக்கு அழைக்கிறார்கள். கல்லறைக்குப் பூ வைத்தவன் நண்பனாகத்தானே இருப்பான்? ஃப்ரான்ட்ஸ் போருக்கு முன் பாரிஸில் படித்தவன், அங்கே பழகியிருப்பார்கள். இந்தக் கதையை அவர்களே தைத்து, அவன் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கிறார்கள். இரண்டாம் தடவை பார்க்கும்போது அவனுடைய முகத்தை மட்டும் கவனியுங்கள். கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது, அவன் தலையை மட்டும் ஆட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டுகிறான்.

தொடங்கிவிட்டால் பொய்க்குச் சாப்பாடு போட வேண்டுமே. லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்து போனோம், நடனமாடப் போனோம், ஃப்ரான்ட்ஸுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொன்றும் அந்த வீட்டில் விளக்கு ஏற்றியது போல ஆகிறது. முதலில் துரத்திய டாக்டரே மகனின் வயலினை எடுத்து நீட்டுகிறார். எங்களைச் சந்தோஷப்படுத்தப் பயப்படாதே என்ற பொருளில் அந்த வீட்டில் ஒரு வார்த்தை வரும். என் நோட்டில் அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கேட்பவருக்கு அது பாசம். அட்ரியனுக்கு அது தப்பிக்க முடியாத கட்டளை, பொய் சொல்லு என்று எழுத்தில் கிடைத்த அனுமதி.

அதனால் என் கணக்கில் முதல் பொய் அட்ரியன் பெயரில் மட்டும் விழாது. பாதி அவனுடையது, பாதி அந்த வீட்டுடையது. இதை அவனுக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. துக்க வீட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: “அவன் கடைசியாக என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா?” என்று ஒரு அம்மா கையைப் பிடித்துக் கேட்கும்போது, இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

நமக்குச் சொல்லப்பட்ட பொய்

படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. நடுநடுவே வண்ணம் வரும், சத்தமில்லாமல், ரத்தம் ஏறுவது போல. ஒளிப்பதிவாளர் பஸ்கால் மார்த்தி இதற்காகவே பிரெஞ்சு சினிமாவின் சேஸர் விருது வாங்கினார்; 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட படத்துக்குக் கிடைத்த ஒரே சேஸர் அதுதான்.

சினிமா நம்மை எப்படிப் பழக்கியிருக்கிறது? பழைய நினைவு என்றால் கறுப்பு வெள்ளை, இன்றைய வாழ்க்கை என்றால் வண்ணம். ஓஸோன் அதைத் தலைகீழாக்குகிறார். அட்ரியன் சொல்லும் பாரிஸ் நாட்கள், இரண்டு இளைஞர்கள் அருங்காட்சியகத்தில் சிரித்துக்கொண்டு நடப்பது, வயலின் பாடத்தில் ஒருவன் இன்னொருவனின் கையைத் திருத்துவது, எல்லாம் வண்ணத்தில் வருகிறது. நாமும் கண்ணால் பார்த்துவிட்டோம், நடந்தது என்று நம்பிவிட்டோம். எதுவும் நடக்கவில்லை! இயக்குநர் நம்மிடம் ஒரு வார்த்தைகூடப் பொய்யாகச் சொல்லவில்லை, காட்டியதோடு சரி. ஹோஃப்மைஸ்டர் வீட்டு சோபாவில் நாமும் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டோம் என்பது பாதிப் படத்தில்தான் உறைக்கிறது.

இதில் இன்னொரு வலையும் உண்டு. அந்தக் காட்சிகளைப் பார்க்கும் எவருக்கும், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நட்பைத் தாண்டி ஏதோ இருந்திருக்கிறது என்று தோன்றும். ஓஸோனின் முந்தைய படங்களைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தோன்றும். சரி, ரகசியம் அதுதான், கண்டுபிடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். அந்தச் சந்தேகத்தை நம் கையில் கொடுத்துவிட்டு அதன் பின்னால் உண்மையை ஒளித்து வைக்கிறார். கெட்டிக்காரத்தனமான வேலை.

இந்தக் கதைக்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. மொரீஸ் ரோஸ்தான் எழுதி 1930-இல் வந்த நாடகம்தான் மூலம். அதை வைத்து எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932-இல் ஹாலிவுட்டில் ‘ப்ரோக்கன் லல்லபை’ என்ற படத்தை எடுத்தார். நகைச்சுவைக்குப் பேர்போனவர் எடுத்த, சிரிப்பே இல்லாத படம் என்று சொல்லலாம். அதன் ஆரம்பத்தில் ஒரு ஷாட் உண்டு: வெற்றி ஊர்வலம் போகிறது, நாம் அதை ஒரு கால் இழந்த வீரனின் ஊன்றுகோலுக்கும் இருக்கிற காலுக்கும் நடுவே, இல்லாத காலின் இடைவெளி வழியாகப் பார்க்கிறோம். தொண்ணூறு வருடம் கழித்தும் நெஞ்சில் குத்துகிறது. ஆனால் லூபிட்ச் படத்தில் கொன்றவன் யார் என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும், கதை அவன் பக்கம் நிற்கிறது. கடைசியில் அவன் இறந்தவனின் வயலினை வாசிக்க, அந்தப் பெண் பியானோவில் சேர்ந்துகொள்ள, கிழவனும் கிழவியும் கேட்டுப் பூரிக்க, பொய் அப்படியே குடும்பத்தில் ஐக்கியமாகிவிடும். சுபம்.

ஓஸோன் செய்த இரண்டு காரியங்கள் படத்தையே மாற்றிவிட்டன. கதையைத் தோற்ற நாட்டுப் பெண்ணின் பக்கத்திலிருந்து சொன்னார், அதனால் அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. அப்புறம், லூபிட்ச் சுபம் போட்ட இடத்துக்கு மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று கேட்டார். படத்தின் இரண்டாம் பாதி முழுக்க அந்த மறுநாள்தான்.

கல்லறையில் சொன்னது

உண்மை வெளியே வருவது அதே காலிக் கல்லறைப் பக்கத்தில். சாப்பிடக் கூப்பிட்ட இரவில் அட்ரியன் வரவில்லை. அன்னா தேடிப்போகிறாள், சொல்லிவிடுகிறான். பதுங்குகுழிக்குள் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தார்கள். இவன் சுட்டுவிட்டான். ஃப்ரான்ட்ஸின் துப்பாக்கியில் குண்டே போட்டிருக்கவில்லை. பீரங்கிக் குண்டு வெடித்து மண் சரிய, கொன்றவனின் முகமும் செத்தவனின் முகமும் பக்கத்தில் பக்கத்தில். அவன் சட்டைக்குள் இருந்த கடிதம் அன்னாவுக்கு எழுதியது. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்.

முன்னால் ஒரு காட்சியில், குளிக்கப்போன இடத்தில் உடம்பிலுள்ள காயத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது, தன் ஒரே காயம் ஃப்ரான்ட்ஸ்தான் என்பான். காதல் வசனம் மாதிரி இருந்தது. இப்போது திரும்பி வந்து வேறு மாதிரி அடிக்கிறது. இந்தப் படத்தில் அட்ரியன் சொன்ன பொய்களில் பலவும் இப்படி ஓரமாக உண்மையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. அட்ரியனாக நடித்த பியெர் நினேயின் அந்த ஒல்லியான உடம்பும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அலையும் கைகளும் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

இப்போது ஒரு கேள்வி. மன்னிப்புக் கேட்க வந்தது யாருக்காக? சொல்லி இறக்கி வைத்துவிட்டால் அவன் பாரம் குறையும், அவர்கள் பாரம் ஏறும். வந்ததே ஒரு சுயநலம் என்று என் நண்பர் ஒருவர் வாதாடுவார். நான் அவ்வளவு கறாராக இல்லை. ஆனால் அன்னா கேட்டுக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தில் பாரம் கை மாறுகிறது என்பதை மறுக்க முடியாது. அங்கிருந்து அவன் லேசாகிக்கொண்டே போகிறான், அவள் கனத்துக்கொண்டே போகிறாள்.

டாக்டரின் பங்கு

அன்னாவிடம் போவதற்கு முன் டாக்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், அதைச் சொல்லாமல் நகர முடியாது. ஊர்க்காரர்கள் மதுக்கடையில் கூடிப் பேசுவார்கள், மகன்களை இழந்த அப்பாக்கள். பிரெஞ்சுக்காரனை வீட்டில் சேர்த்தவர் என்று டாக்டரை ஒதுக்குகிறார்கள். அவர்களில் க்ரொய்ட்ஸ் என்பவன் அன்னாவைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவன், தேசம் தேசம் என்று பேசுபவன்.

டாக்டர் அவர்களைப் பார்த்துக் கேட்கிறார்: பையன்களைப் போருக்கு அனுப்பியது யார்? கையில் ஆயுதத்தைக் கொடுத்தது யார்? நாம்தானே, அப்பாக்கள்தானே? பிரெஞ்சுக்காரர்களின் பிள்ளைகள் ஆயிரம் பேர் செத்தால் நாம் பீர் குடித்துக் கொண்டாடினோம், நம் பிள்ளைகள் செத்தால் அவர்கள் வைன் குடித்தார்கள். பெற்ற பிள்ளைகளின் சாவுக்குக் குடித்த அப்பன்கள் நாம். சாராம்சம் இதுதான், லூபிட்ச் படத்திலும் இந்தப் பேச்சு உண்டு.

இந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் ஏன் அட்ரியனை அப்படிப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. ஃப்ரான்ட்ஸ் போரை வெறுத்தவன். பிரெஞ்சு மொழியை நேசித்தவன், அன்னாவோடு ரகசியம் பேச அவர்கள் பயன்படுத்திய மொழியே அதுதான். அவனைப் போருக்குத் தள்ளிவிட்ட கைகளில் அப்பாவின் கையும் ஒன்று. சுட்டவன் ஒருவன், அனுப்பிவைத்தவர் இன்னொருவர், இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து வயலின் கேட்கிறார்கள். அட்ரியனின் பொய் டாக்டருக்கு மகனைத் திருப்பித் தந்ததோடு நிற்கவில்லை, தன்னைத் தானே நிமிர்ந்து பார்க்கவும் விட்டது. டாக்டராக நடித்த எர்ன்ஸ்ட் ஷ்டெட்ஸ்னர் இதை ஒரு இடத்திலும் ஊதிப் பெருக்காமல் செய்திருக்கிறார்.

பொய் அன்னா கைக்கு வருகிறது

பெற்றோரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்று அட்ரியனைத் தடுத்துவிட்டு, அன்னா சொல்வதே இல்லை. அவன் ரயிலேறிப் போகிறான். வீட்டில் அவள் சொல்வது, அவனுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், அவசரமாகக் கிளம்பிவிட்டான். இரண்டு பக்கமும் இப்போது அவள் வார்த்தையை நம்பி இருக்கிறது, நடுவில் அவள் ஒருத்தி. ஒரு நாள் தண்ணீருக்குள் நடந்து இறங்கிவிடுகிறாள். அந்தப் பக்கம் வந்த ஒருவர் இழுத்துக் கரை சேர்க்கிறார்.

அட்ரியனிடமிருந்து கடிதம் வரும். அவள் அதை எரித்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றை முதியவர்களுக்குச் சொல்கிறாள். வீட்டில் பெரியவர்களுக்குக் கடிதம் படித்துக்காட்டி வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் உள்ளே போய்த் தைக்கும். காகிதத்தில் இருப்பது ஒன்று, கேட்பவர் முகத்தைப் பார்த்து வாயில் வருவது ஒன்று. ‘உடம்புக்கு முடியவில்லை’ என்ற வரியைத் தாண்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன் நானும், பத்து வயதில். ஆனால் நான் தாண்டியது ஒரு வரி, அன்னா ஒரு மனிதனையே புதிதாக எழுதுகிறாள்.

பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போனால் அவரும், உண்மை அவர்களுக்கு வேதனையைத் தவிர என்ன தரும் என்று பொய்க்கே ஆசி கொடுத்து அனுப்புகிறார். ஆக, தேவாலயமும் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்புறம் மாக்டா. அவளுக்கு அட்ரியன் மகனாகவே ஆகிவிட்டான், அன்னா அவனைக் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று பிரான்ஸுக்கு ரயிலேற்றி விடுகிறார்கள். மகனைக் கொன்றவனுக்குத் தாங்களே பெண் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல், மனதார, வாழ்த்தி அனுப்புகிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். இங்கே பொய் ஆயிரமும் ஆயிற்று, கல்யாணம்தான் இல்லை.

இரண்டு பாட்டு

ஜெர்மன் மதுக்கடையில் அவர்கள் ‘ரைன் நதிக்குக் காவல்’ என்ற தேசபக்திப் பாட்டைப் பாடும்போது அட்ரியன் குறுகிப்போய் நிற்பான். இரண்டாம் பாதியில் அன்னா பாரிஸில் ஒரு கஃபேயில் இருக்கும்போது சீருடை அணிந்த அதிகாரிகள் உள்ளே வருகிறார்கள், எல்லோரும் எழுந்து ‘மார்செய்யேஸ்’ பாடுகிறார்கள். பிரான்ஸின் தேசிய கீதம். எதிரியின் அசுத்த ரத்தம் நம் உழவுச் சால்களை நனைக்கட்டும் என்று வரும். பழைய ஹாலிவுட் படமான ‘காஸாபிளாங்கா’வில் இதே இரண்டு பாட்டும் ஒரு விடுதிக்குள் மோதும், அங்கே மார்செய்யேஸ் கேட்டுப் புல்லரிக்காதவர் இல்லை. இங்கே அதே பாட்டு, அன்னாவின் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டால், வயிற்றைக் கலக்குகிறது. பாடுபவர்களில் ஒருவர்கூடக் கெட்டவராகத் தெரியவில்லை என்பதுதான் பயம். ஒரு பிரெஞ்சு இயக்குநர் இந்தக் காட்சியை எடுத்தார் என்பதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் இலையுதிர்காலக் கவிதை ஒன்றை அன்னா பிரெஞ்சில் சொல்லும் இடமும் இருக்கிறது, வயலின்களின் நீண்ட விம்மல் என்று ஆரம்பிக்கும். அதே வரிகளைத்தான் 1944 ஜூனில், நார்மண்டியில் படைகள் இறங்கப்போகின்றன என்று பிரெஞ்சு எதிர்ப்புப் படையினருக்குச் சொல்ல பிபிசி சங்கேதமாக ஒலிபரப்பியது. படம் இதைச் சொல்லாது. ஆனால் 1919-இல் அந்த அறையில் இருப்பவர்களுக்கு முன்னால் இன்னொரு போர் வெறும் 20 வருடத் தூரத்தில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியுமே.

பாரிஸ்

ரயில் ஜன்னலில் இடிந்த ஊர்கள் போகின்றன, அவள் முகம் கண்ணாடியில் அவற்றின் மேல் படிகிறது. ஃப்ரான்ட்ஸ் தங்கியதாகக் கடிதத்தில் எழுதிய ஹோட்டலுக்குப் போனால், அது ஆண்கள் பெண்களோடு வந்து மணிக்கணக்கில் அறை எடுக்கும் இடமாக இருக்கிறது. எனக்கு இந்தச் சின்ன இடம் ரொம்பப் பிடிக்கும். செத்துப்போனவனை எல்லோரும் புனிதனாக்கி வைத்திருந்தார்கள், அவனுக்கும் சொல்லாத ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம். ஓஸோன் கதவை லேசாகத் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுகிறார்.

அங்கே இங்கே அலைந்து கடைசியில் அட்ரியனைக் கண்டுபிடிக்கிறாள், கிராமப்புறத்துப் பெரிய மாளிகையில், அம்மாவோடு. ஃபான்னி என்ற பெண்ணோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாலையில் ஃபான்னி பாட, அட்ரியன் வயலின் வாசிக்க, அன்னா பியானோவில். லூபிட்ச் எங்கே சுபம் போட்டாரோ அதே வயலினும் பியானோவும் இங்கே வந்து சேருகின்றன, ஆனால் நடுவில் இன்னொரு பெண் நின்று பாடுகிறாள். இது தற்செயல் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அட்ரியனின் அம்மா, என் மகனைச் சித்திரவதை செய்யாதே என்கிற தோரணையில் பேசுவாள். என் நோட்டில் இங்கே கோபமாக ஒரு வரி இருக்கிறது, அதை அப்படியே எழுத முடியாது. செத்தது இவள் நிச்சயம் செய்துகொண்டவன், கொன்றது உங்கள் பையன், சித்திரவதை செய்வது இவளா?

கணக்கைப் பாருங்கள். முதியவர்களுக்கு நிம்மதி கிடைத்தது. அட்ரியனுக்கு மன்னிப்பு, வீடு, வரப்போகும் மனைவி. ஃபான்னிக்கு அவள் கேட்ட ஆள். அன்னாவுக்கு? ரயில் நிலையத்தில் ஒரு முத்தம், அதையும் அவள்தான் கொடுக்கிறாள், காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஏறிவிடுகிறாள். அட்ரியனைக் கெட்டவன் என்று சொல்ல வரவில்லை. அவன் பலவீனமானவன், பலவீனமானவர்களின் பாரத்தை யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும். அன்னாவாக நடித்த பௌலா பேருக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும்; இந்தக் கனத்தை அழுகையைக் கொட்டாமல் கழுத்தையும் தோளையும் வைத்தே காட்டிவிடுகிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் இளம் நடிகருக்கான மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானி விருது அவருக்குத்தான் போனது.

அந்த ஓவியம்

அட்ரியன் சொன்ன லூவ்ர் கதையில் ஒரு ஓவியம் வரும். பிரெஞ்சு ஓவியர் மனே வரைந்தது, தலை பின்னால் சாய்ந்த, வெளிறிய ஓர் இளைஞன். ஃப்ரான்ட்ஸுக்கு மிகவும் பிடித்தது என்பான். அன்னா அதைத் தேடிப்போய் எதிரே நின்றால்தான் முழுசாகத் தெரிகிறது: கட்டிலில் சரிந்து கிடப்பவன் கையில் துப்பாக்கி, சட்டையில் ரத்தம். ஓவியத்தின் பெயரே ‘தற்கொலை செய்துகொண்டவன்’. செத்தவனுக்குப் பிடித்த ஓவியம் என்று சொல்லி அவன் காட்டிக்கொடுத்தது தன்னைத்தான். பொய்யின் மடிப்புக்குள் ஒரு தற்கொலைக் குறிப்பை வைத்திருந்திருக்கிறான், அதை வாசிக்கத் தெரிந்தது தண்ணீரில் இறங்கிப் பார்த்த அன்னாவுக்கு மட்டும்.

இதிலும் படம் நம்மிடம் ஒரு பொய் சொல்கிறது. நிஜத்தில் அந்த ஓவியம் லூவ்ரில் இல்லை, ஸ்விட்சர்லாந்தில் ஜூரிக் நகரிலுள்ள ப்யூர்லே சேகரிப்பைச் சேர்ந்தது. எமில் ப்யூர்லே யார் தெரியுமா? ஜெர்மனியில் பிறந்து, முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் இருந்து, பிறகு ஸ்விட்சர்லாந்துக்குப் போய் ஆயுதத் தொழிற்சாலை நடத்தியவர். இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனிக்குப் பீரங்கி விற்றுப் பெரும் பணக்காரரானார். ஃப்ரான்ட்ஸின் தலைமுறையைச் சேர்ந்த, உயிரோடு வீடு திரும்பிய ஒரு ஜெர்மன் வீரர் அடுத்த போரில் சம்பாதித்து வாங்கிக் குவித்த ஓவியங்களோடு அதுவும் இருக்கிறது. படத்துக்கு இந்தத் தகவல் தேவையே இல்லை, எனக்குத்தான் தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கம்

அன்னா ஊருக்குத் திரும்பவில்லை. பாரிஸிலிருந்து பெரியவர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். அட்ரியன் இசைக்குழுவில் வாசிக்கிறான், நான் போய்க் கேட்கிறேன், இருவரும் சந்தோஷமாக இருக்கிறோம். அட்ரியன் தலையாட்டலில் ஆரம்பித்த கதை இப்போது முழுக்க அவள் கைப்பட நடக்கிறது. ஆனால் அடுத்த கடிதத்துக்கு என்ன செய்வாள்? கல்யாணப் போட்டோ கேட்பார்கள். ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரு வருடம் போனால் மாக்டா சும்மா இருப்பாளா, பேரப்பிள்ளை பற்றிக் கேட்க மாட்டாளா? காலிக் கல்லறையைப் போல, இப்போது பாரிஸில் ஒரு காலிக் குடும்பம், அதற்குத் தினமும் பூ வைக்க வேண்டியவள் அவளே.

கடைசிக் காட்சி லூவ்ரில். அந்த ஓவியத்துக்கு முன்னால் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான், அன்னா போய்ப் பக்கத்தில் உட்காருகிறாள். உங்களுக்கும் இது பிடிக்குமா என்று கேட்கிறான். பிடிக்கும், இதைப் பார்த்தால் வாழ வேண்டும் என்று தோன்றுகிறது என்கிறாள். திரையில் வண்ணம் ஏறுகிறது.

படம் முழுக்க வண்ணம் எப்போதெல்லாம் வந்ததோ அப்போதெல்லாம் நான் ஏமாந்திருக்கிறேன். அதனால் மூன்றாம் தடவை பார்த்தபோது அந்த வசனத்தை நோட்டில் எழுதி, பொய்கள் பத்தியில் போடுவதா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர்கள் ஓடி முடிந்து, ஃபிலிப் ரோம்பியின் இசையும் நின்றுவிட்டது. பத்திக்கு வெளியே ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.